சுழல்காற்று எப்போது, எப்படி உருவாகிறது? பேராக் மக்கள் அறிய வேண்டியவை

ஈப்போ: மாலை இடிமழையில் தகரக் கூரை பறந்தால், "சுழல்காற்று அடித்தது" என்றுதான் பெரும்பாலும் சொல்கிறோம். மலாயில் புத்திங் பெலியோங் எனப்படுவதும் இதுதான். ஆனால், கூரையைப் பெயர்க்கும் காற்றெல்லாம் சுழல்காற்று அல்ல.

இடிமேகத்தின் அடியிலிருந்து தரைவரை தொட்டுச் சுழலும் காற்றுத்தூண்தான் சுழல்காற்று. அமெரிக்கச் சமவெளிகளில் வசந்த காலத்தில் இது அதிகம். அங்கே தரைக்காற்றும் உயரக்காற்றும் வெவ்வேறு திசையில், வெவ்வேறு வேகத்தில் வீசுவதால் இடையிலுள்ள காற்று உருளை போல உருளும். மேலேறும் வெப்பக்காற்று அந்த உருளையை நிமிர்த்த, மேகமே சுழலத் தொடங்கும். மிகக் கடுமையானவற்றின் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டும். 1989 ஏப்ரலில் வங்காளதேசத்தின் தௌலத்பூர், சாத்தூரியா பகுதிகளைத் தாக்கிய சுழல்காற்றில் ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர்.

நம் நாட்டில் மேலடுக்குக் காற்றின் வேகம் பொதுவாகக் குறைவு. அதனால் அத்தகைய ராட்சதச் சுழல் இங்கு அரிது. இங்கு தோன்றுவது சிறிய வகை. எதிரெதிர்க் காற்றுகள் தரையருகே மோதும் இடத்தில் சிறு சுழற்சி பிறக்கும். மேலே வளரும் இடிமேகம் அதை உறிஞ்சி இழுக்க, சுழல் ஒடுங்கி வேகமெடுக்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். கடலில் தோன்றினால் அது நீர்த்தூண். 2014 அக்டோபரில் கெடா, பெண்டாங்கிலும், 2019 ஏப்ரலில் பினாங்கு, தஞ்சோங் தோக்கோங்கிலும் இத்தகைய காற்று வீடுகளைச் சேதப்படுத்தியது. இரண்டும் பருவக்காற்று மாறும் மாதங்கள் என்பது கவனிக்கத்தக்கது.

பேராக்கில் அடிக்கடி சேதம் விளைவிப்பவை வேறு இரண்டு. ஒன்று, இடிமேகத்திலிருந்து மழையோடு சேர்ந்து 'தடால்' என இறங்கிப் பரவும் குளிர்காற்று. கிந்தா பள்ளத்தாக்கின் இருபுறமும் மலைகள் இருப்பதால் பகல் வெயிலில் மேகம் திரண்டு, பிற்பகலில் இடிமழையாகிறது. மற்றொன்று, ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சுமத்ரா சூறைக்காற்று. இது பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் வரும்.

எது அடித்தது என்பதை விழுந்த மரங்களே சொல்லிவிடும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தோ, விசிறி போல் விரிந்தோ கிடந்தால் அது இறங்குகாற்று அல்லது சூறைக்காற்று. குறுகிய பாதையில் தாறுமாறாகக் கிடந்தால் சுழல்காற்றாக இருக்கலாம்.

முன்னாள் ரப்பர் தோட்டங்களின் லயத்து வீடுகளில் இன்னும் குடியிருப்போருக்கு ஆபத்து அதிகம். ஆணி துருப்பிடித்த தகரமும் உளுத்த மரச்சட்டமும் காற்றைத் தாங்கா. ரப்பர் மரமும் எளிதில் முறியக்கூடியது. கதவு, சன்னல் வழியாக நுழையும் காற்று கூரையை உள்ளிருந்து தள்ளும். மேலே செல்லும் காற்று வெளியே இழுக்கும்.

எனவே, மாற்றப் பருவத்திற்கு முன்பே ஆணிகளையும் சட்டங்களையும் சரிபாருங்கள். வீட்டருகே பட்டுப்போன மரம் இருந்தால் நிலத்தின் உரிமையாளரிடமோ ஊராட்சி மன்றத்திடமோ எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். வானம் இருண்டு திடீரெனக் குளிர்காற்று வீசினால் சன்னல்களை மூடி, வீட்டின் நடு அறைக்குச் செல்லுங்கள். மரத்தடியில் காரை நிறுத்தாதீர்கள். வானிலை ஆய்வுத் துறையின் இடிமழை எச்சரிக்கையை மைச்சுவாச்சா செயலியில் காணலாம். அவசரத்திற்கு 999.

கூரை பறந்தால் முதலில் படம் எடுத்து, போலீஸ் புகார் செய்து வையுங்கள். உதவி கேட்கும்போது அதுவே சான்று.