குதிரைக்கும் அதே கரண்ட்

வேலைக்காகப் புனே வந்து ஆறு வருஷமாகிறது. "நாய்க்கும் குதிரைக்கும் பிசியோதெரபியா? இதுக்கா இவ்வளவு படிச்சே?" என்று ஊரில் பெரியப்பா இன்னமும் சிரிக்கிறார். அவருக்காகத்தான் இந்தக் கதை.

குஜராத்தில் கிர்னார் மலையடிவாரப் பாறையில் அசோகரின் கல்வெட்டுகள் இருக்கின்றன. காலம் கி.மு. 3-ஆம் நூற்றாண்டு. மனிதருக்கும் விலங்குக்கும் வைத்தியம் ஏற்பாடு செய்ததாக அவற்றில் 2-ஆவது சொல்கிறது. அது எட்டிய நாடுகளில் சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. ஆக, விலங்கு வைத்தியம் நமக்குப் புதிதல்ல.

ஆனால் தசைக்கும் மூட்டுக்குமான சிகிச்சை வேறு வழியில் வந்தது. பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் பிசியோதெரபிஸ்ட் சார்லஸ் ஸ்ட்ராங். இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுன்ட்பேட்டன் பெரிய போலோ பிரியர். தனக்குக் குணம் தந்ததைத் தன் குதிரைகளுக்கும் செய்யச் சொன்னார். மெல்லிய மின்சாரத்தால் தசையைச் சுருங்கி விரிய வைக்கும் முறை. 1967-இல் ஸ்ட்ராங் இதைப் புத்தகமாகவே எழுதினார். 1985-இல் விலங்கு பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கு பிரிட்டனில் தனிச் சங்கமும் வந்தது.

போன மாதம் ஒரு டாஷ்ஹண்ட் வந்தது. நீள முதுகுள்ள அந்த ஜாதிக்கு முதுகுத்தண்டு வட்டு பிதுங்குவது சகஜம். பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டிருந்தன. "ஊசி போட்டு முடித்துவிடலாமா?" என்று வீட்டுக்காரர் அழுதார். நாலாவது வாரம், தண்ணீருக்குள் ஓடும் டிரெட்மில்லில் அது தானாக நாலு அடி வைத்தது.

பெரியப்பாவின் முட்டிவலிக்குப் போன வருஷம் வைத்ததும் இதே மாதிரி கரண்ட்தான். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.