இறுகிப்போன எஞ்சின் செத்துப்போன எஞ்சின் அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுப் பின்வளவில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் போட்டு வைத்திருப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

"பழைய இரும்புக்குக் குடுத்திட்டம் சேர், எஞ்சின் பிடிச்சிட்டு." இந்தக் கதையை இப்போது அடிக்கடி கேட்கிறேன். மூத்தவாப்பா காலத்துப் பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் கிலோக் கணக்கில் லொறி ஏறுகின்றன. இன்னும் சிலர் திருத்திப் பார்க்கிறோம் என்று சுத்தியலை எடுக்கிறார்கள். கறளால் அழிந்ததைவிட அந்தச் சுத்தியலால் அழிந்தது கூட. அந்த எஞ்சின் எப்படி உருவானது, ஏன் இறுகியது என்ற வரலாறு தெரிந்தால் அதை எப்படித் திறப்பது என்பதும் தெரிந்துவிடும். அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

பி.எஸ்.ஏ. என்றால் பேர்மிங்ஹாம் ஸ்மோல் ஆர்ம்ஸ். பெயரிலேயே துப்பாக்கி இருக்கிறது. 1861 இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத் துப்பாக்கித் தொழிலாளிகள் கூட்டுச் சேர்ந்து, இயந்திரங்களால் துப்பாக்கி செய்வதற்குத் தொடங்கிய கம்பெனி அது. ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள்தான் அதன் சின்னம். யுத்தம் இல்லாத காலங்களில் துப்பாக்கிக்கு ஓடர் குறையும். அப்போது அதே இயந்திரங்களில் சைக்கிள் செய்தார்கள். 1910 இல் மோட்டார் சைக்கிளுக்கு வந்தார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியப் படைக்காக அவர்கள் செய்தது எம்-20. 496 சிசி, ஒற்றைச் சிலிண்டர், வெறும் 13 குதிரைவலு. வேகம் கிடையாது, பாரம் அதிகம். ஆனாலும் சுமார் 126,000 சைக்கிள்கள் செய்யப்பட்டன. 1940 நவம்பரில் ஜேர்மன் விமானங்கள் ஸ்மோல் ஹீத் தொழிற்சாலையில் குண்டு போட்டபோது 53 தொழிலாளிகள் அங்கேயே இறந்தார்கள். தொழிற்சாலை மறுபடி எழுந்தது.

எம்-20 இல் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கின்றன, தலைக்கு மேலே இல்லை. அதனால் சிலிண்டர் தலையைக் கழற்றும்போது வால்வைத் தொடத் தேவையில்லை. போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கினால் பிஸ்டன் கண்ணுக்கு முன்னால் நிற்கும். பாதையோரத்தில் ஒரு சிப்பாய் கழற்றிப் பூட்டக்கூடிய எஞ்சின் அது. திறப்பதற்கென்றே செய்த ஒன்றைத்தான் நாம் "திறக்கேலாது" என்று எடைபோட்டுக் கொடுக்கிறோம்.

சரி, ஏன் இறுகுகிறது?

அந்தக் கால எஞ்சின்களில் சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம், பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் மறுபடியும் இரும்பு. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒன்றிரண்டு தலைமுடித் தடிப்புத்தான். ஓடும் வரை அந்த இடத்தில் ஒயில் இருக்கும். நிறுத்தி வருடக்கணக்கானால் ஒயில் வடிந்துவிடும். எஞ்சின் நின்ற இடத்தில் வால்வு ஒன்று திறந்திருந்தால் ஈரக்காற்று உள்ளே போய்வரும். இரும்பு கறளாகும்போது பழைய அளவில் நிற்காது, பல மடங்கு பருக்கும். இரண்டு உலோகங்கள் ஈரத்தில் ஒட்டி நின்றால் அலுமினியம் இன்னும் விரைவாக அரிக்கப்பட்டு வெள்ளைத் தூளாகும். கடற்கரை ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்ளும். தலைமுடி அளவு இடைவெளியை நிரப்ப இவ்வளவும் போதும்.

ஆக, பெரும்பாலும் எஞ்சின் உடையவில்லை. நடுவில் கறள் அடைத்திருக்கிறது. அடைத்ததைக் கரைக்க வேண்டும், இடிக்கக் கூடாது.

இரண்டாவது, போல்ட். 1841 வரை பிரித்தானியாவில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்குப் புரி வெட்டியது. ஓரிடத்து நட் மற்றோர் இடத்துப் போல்ட்டில் ஏறாது. ஜோசப் விட்வர்த் என்ற மன்செஸ்டர் பொறியியலாளர் 55 பாகைக் கோணத்தில் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார். பின்னர் சைக்கிள் தொழிலுக்கென்று 60 பாகையில் நுண்ணிய புரி தனியாக வந்தது. பழைய பி.எஸ்.ஏ.யில் இவை கலந்தே இருக்கும். யுத்தத்தில் ஒரு நாட்டின் வாகனத்தை இன்னொரு நாட்டின் போல்ட் கொண்டு திருத்த முடியாமல் பட்ட பாட்டால்தான் 1948 இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா மூன்றும் பொதுப்புரிக்கு உடன்பட்டன. பி.எஸ்.ஏ. சைக்கிள்களிலோ பழைய புரி 1960களின் இறுதி வரை நீடித்தது.

இது ஏன் முக்கியம்? விட்வர்த் சாவியில் எழுதியிருக்கும் எண் போல்ட்டின் தடிப்பு. நட் முகத்தின் அகலம் அல்ல. இன்று கராஜில் உள்ள மில்லிமீற்றர் சாவி அந்த நட்டில் "கிட்டத்தட்ட" சரிவரும். அந்தக் கிட்டத்தட்டதான் நட்டின் மூலைகளை உருட்டிவிடுகிறது. மூலை உருண்ட பிறகு உளியும் சுத்தியலும் வரும், அதோடு கதை முடியும். சரியான சாவி கிடைக்கும் வரை தொடாமல் இருப்பதே முதல் திருத்த வேலை.

மூன்றாவது, சூடு. இறுகிய போத்தல் மூடியில் உம்மாமார் சுடுதண்ணீர் ஊற்றுவது எதற்கு? உலோக மூடி கண்ணாடியைவிடக் கூடுதலாக விரிவதால். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அலுமினியக் கவசத்தில் இறுகிய உருக்குப் போல்ட்டையோ பெயாரிங்கையோ எடுப்பதற்குக் கவசத்தைச் சூடாக்கினால், பிடி தானாகத் தளரும். சிலிண்டருக்குள் உள்ள பிஸ்டனுக்கோ கணக்கு வேறு. சூட்டில் அது இன்னும் இறுகும், ஆறும்போதுதான் சிலிண்டரைவிடக் கூடுதலாகச் சுருங்கிக் கறளின் பிடியை உடைக்கும். சூடாக்கி, நன்றாக ஆறவிட்டு, ஒயில் ஊற்றி, நாளை மறுபடி. அப்படித்தான் அது அசையும்.

எந்த ஒயில்? எல்லோரும் கேட்கும் டபிள்யூ.டி.40 அமெரிக்காவில் 1953 இல் ரொக்கெட் உடலைக் கறளிலிருந்து காக்க, தண்ணீரை விலக்குவதற்காகச் செய்யப்பட்டது. அது உதவும், ஆனால் பல வருடக் கறளுக்குள் ஊறுவதற்கென்று செய்ததல்ல. தானியங்கி கியர் ஒயிலும் அசிற்றோனும் சரிபாதி கலந்து பாவிக்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அசிற்றோன் சட்டென்று தீப்பற்றும், பக்கத்தில் நெருப்பும் சிகரெட்டும் கூடாது. எதை ஊற்றினாலும் உண்மையான மருந்து நாட்கள்தான். ஒரு வாரம், தேவையானால் ஒரு மாதம்.

பிறகு பிஸ்டன் மேல் மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டுங்கள். மேல் கியரில் போட்டுப் பின்சில்லை முன்னும் பின்னுமாக அசையுங்கள். கிக்கரில் ஏறி மிதிக்காதீர்கள், உள்ளே பல் உடையும். பிளக் ஓட்டையால் கம்பி விட்டு இடிக்காதீர்கள், பிஸ்டன் துளைபடும். அசைந்த சந்தோசத்தில் அன்றே ஸ்டார்ட் பண்ணாதீர்கள். முழுதாகக் கழற்றி, கழுவி, பெயாரிங்குகளைப் பார்த்து, சிலிண்டரை அளந்த பிறகுதான் பெற்றோல்.

நம் நாட்டில் இந்தச் சைக்கிள்கள் மிஞ்சியதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோது உதிரிப்பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்தக் காலத்துப் பாஸ்மார் லேத்தில் கடைந்தும், ஒன்றின் பாகத்தை இன்னொன்றுக்கு ராவியும் ஓட வைத்தார்கள். 1973 இல் பி.எஸ்.ஏ. கம்பெனியே கைமாறி ஓய்ந்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்தது, ஜப்பான் சைக்கிள்கள் நிறைந்தன, பி.எஸ்.ஏ. கொட்டிலுக்குப் போனது. அந்தப் பாஸ்மார் இப்போது வயதாளிகள். எந்தப் போல்ட் இடப்பக்கம் திரும்பும், எது எவ்வளவு இறுக வேண்டும் என்பது அவர்களின் கையில்தான் இருக்கிறது. புத்தகத்தில் இல்லை.

அதனால் மூன்று வேண்டுகோள். விற்க முன் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்து வையுங்கள். பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் இன்றைக்கே ஒயில் ஊற்றி, ஓட்டையை மூடி வையுங்கள், இன்னும் மோசமாகாது. உங்கள் ஊரில் பழைய பாஸ் ஒருவர் இருந்தால் பிள்ளைகளைக் கொப்பியும் பேனையுமாக அவரிடம் அனுப்புங்கள். விஞ்ஞானப் பாடத்தில் "இரும்பு துருப்பிடித்தல்" படிக்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல ஆய்வுகூடம் கிடையாது.

எஞ்சின் இன்னும் பத்து வருடம் பொறுக்கும். அந்த மனிதர்கள் பொறுப்பார்களா தெரியாது.

வஸ்ஸலாம்.