ராஜாவும் கேட்டுத்தான் ஆக வேண்டும்

சக்கரக்கோட்டம் என்ற பெயர் சோழர் வரலாறு படித்தவர்களுக்குப் புதிதல்ல. ராஜேந்திரன் மெய்க்கீர்த்தியில் வரும். முதலாம் குலோத்துங்கன் முடிசூடுமுன் படையோடு போன ஊர். அந்தக் காட்டுச்சீமைதான் இன்றைய சத்தீஸ்கரின் பஸ்தர். அங்கே தந்தேவாடாவில், சங்கினியும் டங்கினியும் கூடுமிடத்தில் குடியிருக்கிறாள் தந்தேஸ்வரி. கருங்கல் திருமேனி. சதியின் பல் விழுந்த பீடம் என்பது புராணம்.

அரண்மனைக் கதை வேறு. 1323இல் வாரங்கல் டில்லிப் படையிடம் விழுந்தபின், காகதிய பிரதாபருத்ரனின் தம்பி அன்னமதேவன் இந்தப் பக்கம் வந்தானாம். "முன்னே நட, நான் பின்னால் வருகிறேன். திரும்பிப் பார்க்காதே" என்றாளாம் அம்மன். ஆற்று மணலில் கால் புதைந்து கொலுசுச் சத்தம் அடங்கியது. திரும்பிவிட்டான். அவள் அங்கேயே நின்றுவிட்டாள். வெளியூர் ராஜா மண்ணுக்கு எழுதிக்கொண்ட பட்டா இது என்பேன் நான். காடு அந்தப் பட்டாவைச் சும்மா ஏற்கவில்லை.

ஜகதல்பூரில் 75 நாள் நடக்கும் பஸ்தர் தசராவைப் பாருங்கள். ராவணனும் இல்லை, ராமனும் இல்லை. விழாவுக்கே முதலில் அனுமதி வேண்டும். நெசவுக்குலமான மிர்கான் வீட்டுச் சிறுமி மீது காச்சன் தேவி இறங்குகிறாள். வில்வ முள் பரப்பிய ஊஞ்சலில் அவளைக் கிடத்தி ஆட்டுகிறார்கள். ராஜகுடும்பத்தார் அவள் முன் நின்று உத்தரவு கேட்கிறார்கள். சிறுமி தலையசைத்த பிறகுதான் தசரா. தந்தேவாடாவிலிருந்து அம்மனின் பல்லக்கு வந்து சேர்வது நவமி இரவில்.

விஜயதசமி இரவு இன்னும் வேடிக்கை. எட்டுச் சக்கர மரத்தேரை மாரியா பழங்குடி மக்கள் இழுத்துக்கொண்டு போய் கும்டாகோட் காட்டில் ஒளித்துவிடுவார்கள். திருட்டுதான், ஆனால் முறைப்படியான திருட்டு! மறுநாள் ராஜா தேடிப்போய், அவர்களோடு உட்கார்ந்து புத்தரிசிச் சோறு தின்ற பிறகே தேர் ஊர் திரும்பும்.

பஸ்தரைக் கடைசியாக ஆண்ட மன்னர் பிரவீர் சந்திர பஞ்ச்தேவ். 1961இல் அரசு அவருடைய மன்னர் அங்கீகாரத்தைப் பறித்தது. பழங்குடிகளோ அவரைத் தந்தேஸ்வரியின் தலைமைப் பூசாரியாகவே பார்த்தார்கள். 1966 மார்ச் 25 அன்று ஜகதல்பூர் அரண்மனையிலேயே போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்தார், உடன் பழங்குடிகளும். அதன்பிறகு பஸ்தர் வீடுகளில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் அவர் படத்தையும் மாட்டினார்கள்.

(தொடரும்)