தோட்டப் பள்ளியும் வெள்ளைச் சட்டையும்

மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பிரசாவுரிமை பற்றியும், சம்பளம் பற்றியும், தொழிற்சங்கப் போராட்டங்கள் பற்றியும் விரிவாகவே எழுதியுள்ளனர். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆனால் அம்மக்களின் பிள்ளைகள் எதனை உடுத்துப் பள்ளிக்கூடம் போனார்கள் என்ற கேள்வி அற்பமானதென்று ஒதுக்கப்பட்டுவிடுகிறது. சுவடிக் கூடங்களில் சட்டைகளுக்கு இடமில்லை. அவை கிழிந்து, ஒட்டுப்போடப்பட்டு, ஈற்றில் அடுப்பங்கரைத் துணியாகி மறைந்துவிடுகின்றன. அவற்றை உடுத்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் நானும் ஒருவன்.

தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றி ஆட்சியாளர் முதன்முதலாகச் சட்டம் இயற்றிய ஆண்டு 1907. ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் பொறுப்பு தோட்டத் துரைமாரிடம் விடப்பட்டது. கொழுந்து பறிக்கக் கைகள் வேண்டியிருந்த துரைமார் அப்பொறுப்பை எப்படி நிறைவேற்றியிருப்பர் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் அதன் வாசலுக்கு வெளியிலேயே நின்றன. 1960, 61 ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் அவை விடப்பட்டன. தோட்டங்கள் தேசியமயமாகி, அதன் பின்னர் 1970களின் பிற்பகுதியிலேதான் தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரசாங்கப் பள்ளிகளாயின.

என் அம்மா படித்தது அதற்கு முன்னர். ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு. அக்காலத்தில் தாம் உடுத்திய சட்டையைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வார். கோதுமை மா வந்த வெள்ளைச் சாக்கைப் பிரித்து, சாம்பல் நீரில் ஊறவைத்து, கல்லில் அடித்துத் துவைத்துப் பாட்டி தைத்துக் கொடுத்தது அது. எத்தனை முறை அடித்தாலும் சாக்கில் அச்சடித்த எழுத்து முற்றாகப் போகாதாம். முதுகிலே பாதி எழுத்துகள் தெரியும். பின்வரிசைப் பிள்ளைகள் அவற்றைக் கூட்டி வாசித்துச் சிரிப்பார்களாம். ஆங்கில எழுத்து படித்தது அப்படித்தான் என்று அம்மா சொல்லும்போது அதில் கசப்பு இருக்காது. எனக்குத்தான் கசக்கும். 1973, 74 ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியில் தோட்டங்களிலே பசியால் மக்கள் மாண்டனர். மாவே அரிதாகிப்போன அந்நாளில் சாக்கும் அரிதாயிற்று. அம்மாவின் படிப்பும் அத்தோடு நின்றது.

இது நம் மலைகளுக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் புறங்களிலும் ஏழைத் தாய்மார் மாச் சாக்குகளைத் தைத்தே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். அதனை அறிந்துகொண்ட ஆலைகள் 1930களில் பூப்போட்ட துணியிலே சாக்குச் செய்து, அதைக் காட்டித் தங்கள் மாவை விற்றன. முதலாளித்துவம் வறுமைக்குள்ளும் ஒரு சந்தையைக் கண்டுபிடித்துவிடும். நம் தோட்டத்து மாச்சாக்கில் யாரும் பூப்போடவில்லை.

நான் பள்ளிக்குச் செல்லத் தொடங்கியது 1994 இல். அதற்கு முந்திய ஆண்டிலே அரசாங்கம் நாட்டின் எல்லா மாணவர்க்கும் இலவசச் சீருடைத் துணி வழங்கத் தொடங்கியிருந்தது. இதனை எளிதாக மதிப்பிடலாகாது. அதற்கு முன்னர், தீபாவளி முற்பணத்தில் எடுக்கும் புதுச்சட்டையையும் வெள்ளையாகவே எடுப்பார்கள். பண்டிகை முடிந்ததும் அதுவே பள்ளிச் சட்டை. அந்த முற்பணமோ மாதாமாதம் சம்பளத்தில் கழியும். இலவசத் துணி வந்த பின்னர், கணக்கப்பிள்ளையின் மகனுக்கும் கொழுந்து பறிப்பவரின் மகனுக்கும் ஒரே துணி கிடைத்தது.

கிடைத்தது துணிதான், சட்டை அன்று. பட்டணத்துத் தையற்காரர் கேட்கும் கூலி எங்கள் வீட்டுக்கு எட்டாது. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், நாள் முழுதும் கொழுந்து பறித்து, நிறுவைக்குக் கொடுத்து, திரும்பி வந்து தண்ணீர் எடுத்து, சமைத்து, எல்லோரும் உண்ட பின் அம்மா குப்பி விளக்கின் அருகே ஊசியை எடுப்பார். தேயிலைக் கறை படிந்து வெடித்த விரல்களில் வெள்ளைத் துணி ஒட்டாதிருக்க, கைகளை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொள்வார். பெண் தொழிலாளர்க்குச் சமசம்பளம் 1984 இல் கிடைத்தது. இந்த இரவுத் தையல் எந்தச் சம்பளப் பட்டியலிலும் ஏறவில்லை.

வளர்கின்ற பிள்ளை என்பதற்காகக் காற்சட்டையின் அடியிலே அகலமான மடிப்பு வைத்துத் தைப்பார். ஆண்டுக்கொரு முறை அதனை அவிழ்த்து இறக்கும்போது, வெளுத்த நீலத்தின் கீழே கருநீலக் கோடொன்று தோன்றும். கோடுகளை எண்ணி ஒரு காற்சட்டையின் வயதைச் சொல்லிவிடலாம். மழைக்காலத்தில் துணி காய்வதில்லை. இருந்த ஒரே சட்டையை மாலையில் துவைத்து அடுப்புக்கு மேலே கட்டுவார்கள். புகைக்கூண்டில்லாத லயத்து அறையில் அது மஞ்சளித்துப் புகை நாறும். வெளியிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் அத்தகைய சட்டையோடு வந்தவர்களைத் தனி வரிசையில் நிறுத்தினார். நாங்கள் அழுக்கானவர்கள் என்றே அவர் உண்மையாக நம்பினார்.

இன்று நானும் ஆசிரியன். 2023 இல் சீருடைத் துணியின் பெரும்பகுதி சீனாவின் நன்கொடையாக வந்தது. தைப்பது எப்படி என்ற கேள்வி எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் அன்றுபோலவே இருந்தது. காலைக் கூட்டத்தில் சட்டையின் வெண்மையைக் கொண்டு பிள்ளையை அளக்கும் ஆசிரியர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவர். எட்டாம் வகுப்பு முடிந்த டிசம்பரில், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள அவரை வீட்டில் நிறுத்தினார்கள். பெயர்ப்பட்டியல் முன்னரே போயிருந்தபடியால் அடுத்த ஆண்டுக்கான துணி அவர் பெயருக்கு வந்துவிட்டது. நானே கையொப்பமிட்டு வாங்கி வந்தேன். அம்மா அதனை இரண்டு நாள் வெட்டாமல் வைத்திருந்தார். மூன்றாம் நாள் இரவு அக்காவே கத்தரிக்கோலை எடுத்து, என்னை நிறுத்தி அளவு பார்த்து, அதில் எனக்கு இரண்டு சட்டைகள் வெட்டினார். தைத்ததும் அவர்தான். அவற்றை உடுத்தே நான் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினேன்.

பதினெட்டு வயதில் அக்கா கட்டுநாயக்காவிலுள்ள ஆடைத் தொழிற்சாலையொன்றுக்கு வேலைக்குப் போனார். வெளிநாட்டுக்கு ஏற்றப்படும் சட்டைகள் அங்கே நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் தைக்கப்பட்டன. அக்காவின் வேலை கழுத்துப்பட்டி பொருத்துவது மட்டுமே. அங்கிருந்த ஏழு ஆண்டுகளில் முழுச் சட்டையொன்றை அவர் ஒருநாளும் தைத்ததில்லை.