கட்டியக்காரன் முதல் ஸ்டாண்ட்-அப் வரை

தெருக்கூத்தில் வாத்தியங்கள் முழங்கிக் களரி கட்டி முடிந்ததும் முதலில் ஆட வருபவன் கட்டியக்காரன். அன்றைய கதையை அறிவித்து, ராஜாக்களை அறிமுகப்படுத்தி, விடியும்வரை சபையைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. தனி ஆளாக நின்று பேசியே கூட்டத்தைக் கட்டிப்போடும் கலையில் தமிழகத்தின் வடமாவட்டங்கள் பெற்ற நீண்ட பயிற்சி இவனிடமிருந்தே தொடங்குகிறது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அமைந்த காஞ்சிபுரம் வட்டாரம் இக்கூத்தின் தாய்நிலங்களுள் ஒன்று. திரௌபதி அம்மன் கோயில்களின் அக்னி வசந்த விழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடப்பது இங்கு வழக்கம்.

கட்டியக்காரனின் சிரிப்பு நடிப்பில் பிறப்பது. திரைக்குப் பின் நின்று ராஜவேடம் விருத்தம் பாடும்போது, 'யார் நீங்கள், எந்த ஊர்?' என்ற பாணியில் அவன் கேள்வி எழுப்புவான். ராஜா இழுத்து முழங்கும் வசனத்துக்கு, அன்றாடப் பேச்சில் சட்டென்று பதில் வரும். இரு குரல்களின் ஏற்றத்தாழ்வே அங்கே சிரிப்பை உண்டாக்குகிறது. ராஜவேடக்காரர் கனமான கட்டை அணிகளோடு ஆடுகையில் இவனுக்கு எளிய உடைதான். அதனால் காவலாளியாகவும் தூதனாகவும் ஊர்க்காரனாகவும் நொடியில் மாற முடிகிறது. தோளைக் குறுக்கினால் ஒரு ஆள், நெஞ்சை நிமிர்த்தினால் இன்னொரு ஆள். பாரதக் கதைக்கு நடுவே உள்ளூர் விலைவாசியைப் பேச அவனுக்கு உரிமை உண்டு. சபை எதற்குச் சிரிக்கிறது என்று கவனித்து, பேச்சை நீட்டவோ நிறுத்தவோ அவனே முடிவெடுப்பான்.

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) பெயரோடு இணைந்த ஸ்பெஷல் நாடகத்தில் இந்த வேலை கோமாளி வேடமான பபூனுக்கு வந்தது. கதை தொடங்குமுன் பபூன் தனியே மேடையேறி, பார்வையாளர்களிடம் நேராகப் பேசிச் சிரிக்க வைப்பார். இன்றைய ஸ்டாண்ட்-அப் காமெடிக்கு மிக நெருக்கமான பழைய வடிவம் இதுதான். வில்லுப்பாட்டிலும் நாடகக் குழுவிலும் தேறிய நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணன் (1908–1957) கதாகாலட்சேபத்தின் பாணியையே எடுத்துக்கொண்டு 'கிந்தனார்' என்ற பகடியை நிகழ்த்தினார். காலட்சேபம் செய்யும் பாகவதரின் குரலும் நிதானமும் பிசகாமல் இருந்ததால்தான் அந்தப் பகடி பலித்தது.

கூத்தின் நடிப்பு முறையை நவீன மேடைக்குக் கொண்டுவந்ததில் கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானுக்குப் பெரும் பங்கு உண்டு. நாடகாசிரியர் ந.முத்துசாமி 1977இல் சென்னையில் நிறுவிய கூத்துப்பட்டறையின் நடிகர்களுக்கு அவர் அடவும் பாட்டும் கற்றுக்கொடுத்தார். காஞ்சிபுரத்தில் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் குருகுலம் அமைத்தது. பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்பித்த அக்குருகுலம் 2020வரை இயங்கியது. ஆண்களே ஆடிவந்த கலையை அங்கே பெண்பிள்ளைகளும் பயின்றார்கள்.

சென்னையின் ஸ்டாண்ட்-அப் காமெடியும் நாடக மேடையோடு பிணைந்தே வளர்ந்தது. கார்த்திக் குமாரும் சுனில் விஷ்ணுவும் 2003இல் தொடங்கிய 'ஏவம்' முதலில் நாடகக் குழு. பின்னரே ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சிகளில் இறங்கியது. நாடக நடிகருக்குத் தெரிந்த மூன்று பழக்கங்கள் இந்த மேடைக்கு நேராகப் பயன்படுகின்றன. சொல்லப்படும் சம்பவத்தில் வரும் ஒவ்வொருவருக்கும் தனிக் குரலும் நிற்கும் விதமும் கொடுப்பது ஒன்று. நூறு முறை சொன்ன பேச்சையும் அப்போதுதான் தோன்றியதுபோல் சொல்வது இரண்டாவது. சிரிப்பு எழுந்து அடங்கும்வரை காத்திருப்பது மூன்றாவது. 2019இல் இணையத்தில் வெளியான அலெக்ஸாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' நிகழ்ச்சி, பாட்டையும் பேச்சையும் குரல் மாற்றத்தையும் ஒரே ஆளிடம் சேர்த்தது.

கூத்தின் தாய்நிலமான காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஆலைகளும் வந்தன: இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010இல் திறந்தது. ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் விடிய விடிய கூத்துப் பார்ப்பது கடினம்; ஒரு மணி நேரத்தில் முடியும் தனிநபர் நகைச்சுவைக்கு அந்தத் தடை இல்லை. அந்த மேடையில் நிற்க விரும்பும் இளைஞருக்கு, காஞ்சிபுரம் பக்கத்துக் கூத்துக் களமே அருகிலுள்ள நடிப்புப் பள்ளி.