திருப்பாடல்கள்: நம் புலம்பலும் செபமே



"சாமி, செபிக்க உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கண்மாய் வறண்டு விதைத்தது கருகும்போதும், வெளிநாடு சென்ற மகனிடமிருந்து செய்தி வராதபோதும் நமக்குச் சொற்கள் வருவதில்லை. அந்நேரத்திற்குத் திருச்சபை நம் கையில் தரும் செப நூல் திருப்பாடல்கள்.

ஐந்து பகுதிகளாக அமைந்த இந்நூலில் 150 பாடல்கள் உள்ளன. புகழ்ச்சி, நன்றி, ஞானம் எனப் பல வகை இருப்பினும் புலம்பல் பாடல்களே மிகுதி. அவற்றுள் பெரும்பாலானவை முறையீட்டில் தொடங்கி நம்பிக்கையில் முடிகின்றன. 88ஆம் திருப்பாடலோ இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை இறைவார்த்தையாகவே ஏற்றுள்ளது. முறையிடுவது நம்பிக்கையின்மை அன்று. இறைவன் கேட்கிறார் என்று நம்புகிறவரே அவரிடம் முறையிடுவார்.

ஆண்டவர் இயேசுவும் இவ்வாறே செபித்தார். சிலுவையில் 22ஆம் திருப்பாடலின் முதல் அடியைச் சொல்லிக் கதறினார் (மாற் 15:34). 31ஆம் திருப்பாடலின் சொற்களால் தம் உயிரைத் தந்தையிடம் ஒப்படைத்தார் (லூக் 23:46).

இன்றும் திருப்பலியில் முதல் வாசகத்தைத் தொடர்ந்து பதிலுரைப் பாடலாகத் திருப்பாடலைச் செபிக்கிறோம். குருக்களும் துறவியரும் திருப்புகழ்மாலையில், நான்கு வாரச் சுழற்சியில், நாள்தோறும் இவற்றைச் செபிக்கின்றனர். நம் சிவகங்கை மறைமாவட்டத்தின் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று இரத்தம் சிந்திய புனித அருளானந்தரும் குரு என்ற முறையில் இச்செபத்திற்குக் கடமைப்பட்டவரே. ஓரியூருக்கு நடந்து செல்வோர், எருசலேம் திருப்பயணிகள் பாடிய 120 முதல் 134 வரையிலான 15 பாடல்களை வழியில் செபிக்கலாம்.

வீட்டில் செபிப்பது எப்படி? நாளுக்கு ஒரு பாடல் போதும். முதலில் வாய்விட்டு மெதுவாக வாசிப்போம். மீண்டும் வாசித்து, மனதைத் தொடும் அடியில் நிற்போம். அந்த அடியை நம் சொந்தச் சொற்களில் இறைவனிடம் சொல்வோம். பின்பு சற்று நேரம் மௌனமாக இருப்போம். பாவத்திற்காக வருந்தும்போது 51, அச்சத்தில் 27, நன்றி சொல்ல 103, இறந்தோருக்காக 130 எனத் தேர்ந்துகொள்ளலாம்.

நாம் மகிழ்ந்திருக்கும் நாளில் புலம்பல் பாடல் வந்தால் தாண்டிச் செல்ல வேண்டாம். அன்று நம் தெருவில் அழுதுகொண்டிருக்கும் ஒருவருக்காக அதைச் செபிப்போம். நாம் அழும் நாளில், நமக்காகவும் யாரோ ஒருவர் செபித்துக்கொண்டிருப்பார்.