25 இலைகள்!

1921-ம் வருடம். கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகம். நீரிழிவுக்கு மருந்து தேடிக் கிளம்பிய டாக்டர் பான்டிங்குக்கு ஓர் உதவியாளர் தேவைப்பட்டார். இருந்ததோ இரண்டு மாணவர்கள். யார் முதலில் போவது? காசைச் சுண்டிப் பார்த்தார்கள். சார்லஸ் பெஸ்ட் ஜெயித்தார். கிளார்க் நோபிள் தோற்றார்.

1922 ஜனவரியில் முதல் நோயாளிக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டது. பெஸ்ட்டின் பெயர் பாடப் புத்தகங்களில் ஏறியது. நோபிள் டாக்டராகத் தொழில் பார்க்கப் போய்விட்டார்.

ஆனால், நோபிளின் கதை அதோடு முடியவில்லை. 1952-ல் அவருக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு கவர் வந்தது. அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒருவர் அனுப்பியது. உள்ளே 25 இலைகள். 'இன்சுலின் கிடைக்காத சமயத்தில், எங்க ஊர்ல சர்க்கரை வியாதிக்கு இதைத்தான் கஷாயம் வெச்சுக் குடிக்கிறாங்க' என்பது செய்தி.

அது என்ன செடி தெரியுமா? நம்ம ஊர் வேலியோரம் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறதே... அதே நித்யகல்யாணி! சுடுகாட்டுப் பக்கம் அதிகம் தென்படுவதால் 'சுடுகாட்டு மல்லி' என்றும் சொல்வோம். அதன் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு.

ஓய்வு பெற்றுவிட்ட கிளார்க், கவரைத் தன் தம்பி ராபர்ட் நோபிளிடம் தள்ளிவிட்டார். ராபர்ட், வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர். இலைச்சாற்றை எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்தார். ம்ஹூம்... சர்க்கரை அசையவே இல்லை. சரி, ஊசியில் ஏற்றலாம் என்று ஏற்றினால், சில நாட்களில் எலிகள் செத்து விழுந்தன!

வேறொருவராக இருந்தால் இலைகளைக் குப்பையில் போட்டிருப்பார். ராபர்ட்டோ, 'ஏன் செத்தன?' என்று பார்த்தார். சாதாரண கிருமித் தொற்று. அதை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்கள் எலிகளின் ரத்தத்தில் அதலபாதாளத்துக்குப் போயிருந்தன. எலும்பு மஜ்ஜையும் வற்றிக் கிடந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. ரத்தப் புற்றுநோய் என்பதே வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே?

சார்லஸ் பீர் என்ற வேதியியல் நிபுணர் 1954-ல் வந்து சேர்ந்தார். இலைகளைக் காய்ச்சி, வடித்து, பிரித்து... 1958-ல் அந்த ரகசியப் பொருளை வெளியே கொண்டுவந்தார்கள். பெயர் வின்பிளாஸ்டின். இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்த அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனி, அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டினைப் பிரித்தெடுத்தது. 1963-ல் அதுவும் விற்பனைக்கு வந்தது.

இது எப்படி வேலை செய்கிறது? ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களை இரு பக்கமும் சரிபாதியாக இழுக்க, செல்லுக்குள் மெல்லிய கயிறுகள் உருவாகின்றன. டியூபுலின் என்கிற புரதத் துணுக்குகளைச் செங்கல் மாதிரி அடுக்கித்தான் அந்தக் கயிறு வளர்கிறது. மருந்து அந்தச் செங்கல்லிலேயே ஒட்டிக்கொண்டு, அடுக்கவிடாமல் செய்துவிடுகிறது. செல் பாதியில் திகைத்து நின்று, செத்துப் போகிறது. வேகமாகப் பிரியும் கேன்சர் செல்லுக்குத்தான் அதிக அடி. முடி வளரும் இடத்தில் இருக்கும் செல்களும் வேகமாகப் பிரிபவை என்பதால், கூடவே முடியும் கொட்டுகிறது.

1950-களில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை பிழைப்பது அபூர்வம். இன்று நல்ல சிகிச்சை வசதியுள்ள நாடுகளில், குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் வகையில், பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்படும் மருந்துக் கூட்டணியில் வின்கிரிஸ்டின் முக்கிய உறுப்பினர். அதற்காக இலையைப் பறித்து அரைத்துக் குடித்துவிடாதீர்கள்! பச்சையாகச் சாப்பிட்டால் அது விஷம். ஒரு கிராம் மருந்துக்கே சில நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும்.

இந்த மருந்தால் கம்பெனிகள் நிறையச் சம்பாதித்தன. செடியைத் தந்த மடகாஸ்கருக்கும், கஷாய ரகசியத்தைச் சொன்ன ஜமைக்காவுக்கும் அந்த லாபத்தில் பங்கு போகவில்லை.

இன்னொன்றும் நடந்தது. 2019-ல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் தயாரித்து வந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்று, வியாபார முடிவு என்று சொல்லி விலகியது. மற்றதால் ஈடுகொடுக்க முடியவில்லை. உலகத்தின் பணக்கார நாட்டிலேயே, 'எந்தக் குழந்தைக்கு டோஸைக் குறைப்பது?' என்று டாக்டர்கள் கையைப் பிசைய வேண்டி வந்தது. செடிக்கா பஞ்சம்? அது வேலியோரம் பாட்டுக்குப் பூத்துக்கொண்டுதான் இருந்தது.